பொன்னியின் செல்வனை வைத்துச் சோழர் வரலாறு பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே நந்தினியின் பெயர் வந்துவிடுகிறது. நந்தினி கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அவள் இல்லை. பூங்குழலியும் அப்படித்தான்.

அதற்காக, எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடுவதும் தவறு. 1950 முதல் 1954 வரை இந்தத் தொடரை எழுதிய கல்கி, கல்வெட்டுகளைப் படித்துவிட்டே எழுதினார். ரவிதாசனும் சோமனும் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருக்கும் பெயர்கள். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சகோதரர்களையும் அவர்கள் உறவினரையும் குறிப்பிட்டு, அவர்களுடைய நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. நாவலில் இவர்கள் பாண்டியனுக்காகப் பழிவாங்க வந்த ஆபத்துதவிகள், அதாவது உயிரைக் கொடுத்தும் அரசனைக் காப்பதாகச் சபதம் செய்த மெய்க்காவலர்கள். கல்வெட்டிலோ ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’, அவன் தம்பி பரமேஸ்வரன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’. பிரமாதிராஜன் என்பது அரசு உயர் அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம். அதிலும் தம்பியின் பட்டத்தில் சோழன் பெயரே இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வந்த சதி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. என்னைக் கேட்டால், நாவலின் சதிக்காட்சிகளைவிட இந்த ஒரு பட்டம்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது.

அடுத்த தவறு, அதே கல்வெட்டைக் காட்டி, ராஜராஜனுக்கு முன் அரசாண்ட அவன் சிற்றப்பன் உத்தம சோழன்தான் கொலைகாரன் என்று தீர்ப்பெழுதுவது. ‘உத்தமன் ஆண்டவரை தண்டனையே இல்லையே’ என்பார்கள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கும் உத்தமன்மேல் சந்தேகம் இருந்தது. இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆனால் அந்தக் கல்வெட்டு நில விவகாரத்துக்கான ஆவணம். கொலையாளிகள் எப்போது பிடிபட்டார்கள், என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள்: உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களைக் கவனித்த அதிகாரி. அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பானா? இதுவும் முடிவான சான்று இல்லைதான். வழக்கு திறந்தே இருக்கிறது.

அருள்மொழி, அதாவது ராஜராஜன், அரியணையை உத்தமனுக்கு விட்டுக்கொடுத்த தியாகத்தையும் நிதானமாக அணுக வேண்டும். குடிமக்கள் அழைத்தும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தான் அரசை விரும்பவில்லை என்று அவன் இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தச் செப்பேட்டை வெளியிட்டவன் அவன் மகன் ராஜேந்திரன். ஒரு குடும்பம் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்ட இடம் அது.

நாவலில் வரும் சிற்றரசர்களான பழுவேட்டரையர்களைச் சதிகாரக் கூட்டமாகவே நினைப்பது அவர்களுக்கு அநியாயம். முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த குடி அது.

வந்தியத்தேவனையோ நிறையப் பேர் முழு வரலாறாகவே நம்புகிறார்கள். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்காள் குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’, அதாவது அவர் மனைவி, என்கிறது. ஆள் நிஜம். ஓலை சுமந்த பயணமும் குறும்பும் வாய்த்துடுக்கும் கல்கி கொடுத்தவை.