பிரெஞ்சுத் தாளில் 'எஸ்கோ' என்று வந்தால்

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஒரு சரக்கு அலுவலகத்தில் 20 வருடமாக ஆவணம் பார்க்கிறேன். பெல்ஜியத்திலிருந்து பிரெஞ்சில் தாள் வந்தால் புதுப் பிள்ளைகள் என் மேசைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, இந்த எஸ்காட் எந்த ஊரு?"

ஊரே இல்லை, ஆறு. முதலில் பெயருக்கு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சில் ஆற்றின் பெயருக்கு முன்னால் 'ல', 'லா' என ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். ஊர்ப்பெயர் பெரும்பாலும் மொட்டையாக நிற்கும். இங்கே ஒரு எல் எழுத்தும் மேலே ஒரு கொக்கியும் இருக்கும். L'Escaut என்று எழுதியிருக்கும், சேர்த்துச் சொன்னால் 'லெஸ்கோ'. கடைசி டி-யை விழுங்கிவிட வேண்டும்.

அப்புறம், முன்னால் நிற்கும் 'எ'-யை விரலால் மறையுங்கள். என் அம்மாச்சி கடைசிவரை 'இஸ்கூல்', 'இஸ்டேசன்' என்றுதான் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதே பழக்கம். லத்தீனில் 'ஸ்கால்டிஸ்' என்று இருந்ததற்கு முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்து, நடுவில் இருந்த 'ல்'-ஐக் கரைத்து 'எஸ்கோ' ஆக்கிவிட்டார்கள். ஆங்கில வரைபடத்தில் இதுதான் ஸ்கெல்ட்.

இன்னும் சந்தேகமா? அக்கம்பக்கத்து ஊர்களைப் பாருங்கள். வடபிரான்சில் பிறந்து, வலென்சியென், தூர்னே, கெண்ட், ஆண்ட்வெர்ப் என்று சுமார் 350 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்தில் வடகடலைத் தொடுகிறது. ஆனால் ஊர்களும் வேடம் போட்டிருக்கும்: கெண்ட் 'கான்' ஆகிவிடும், ஆண்ட்வெர்ப் 'ஆன்வெர்ஸ்' ஆகிவிடும். தேக்கா மார்க்கெட்டுக்கு ஒரு காலத்தில் ஜூஜியாவ் சென்டர் என்று பலகை மாட்டியிருந்தார்களே, அந்த மாதிரிதான்.

படிவத்தில் நிரப்பும்போது முன்பதிவில் இருக்கும் பெயரையே போடுங்கள். நம் புலமையைக் காட்டும் இடம் அதுவல்ல.

ஒரு பெயரில் மட்டும் உஷார்: 'தமீஸ்'. பிரெஞ்சில் அது லண்டனின் தேம்ஸ் நதி. பார்த்ததும் நான் ஒருமுறை லண்டன் என்று தட்டிவிட்டேன். நல்லவேளை, மேலாளர் பிடித்துவிட்டார். எஸ்கோ கரையிலேயே டெம்சே என்று ஒரு பெல்ஜிய ஊர் இருக்கிறது, அதற்கும் பிரெஞ்சில் தமீஸ்தான். முகவரியில் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். 9140 என்று இருந்தால் சரக்கு டெம்சேவுக்கு.