துப்பாக்கிக் குழலின் நுனியிலுள்ள முன்குறி மங்கலாகத் தெரிகிறதா?

கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டு, குறிபார்க்கும் கண்ணின் பக்கம் மூக்குக்கண்ணாடியில் ஒட்டுங்கள். ஏர் ரைஃபிளில் கன்னத்தைப் பதித்துப் பார்க்கும்போது பார்வை கண்ணாடியைக் கடக்கும் இடத்திலேயே துளை அமைய வேண்டும். பெரும்பாலும் அது நடுவில் இராது. மூக்கை ஒட்டிச் சற்று மேலே இருக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைப்பதால் அருகிலுள்ள முன்குறி கலங்கித் தெரிகிறது. சிறு துளை ஓரக் கதிர்களைத் தடுத்துவிடுவதால், முன்குறி, இலக்கு இரண்டுமே ஓரளவு துலங்கும். வில்லில் குறிபார்க்கப் பொருத்தும் குறிமுள்ளுக்கும் இது கைகொடுக்கும்.

மங்கிய வெளிச்சத்தில் மட்டும் வேண்டாம். துளை இருட்டை இன்னும் கூட்டிவிடும். டெலஸ்கோப் பொருத்திய துப்பாக்கிக்கு இது தேவையே இல்லை, அதன் கண்பக்க வளையத்தைத் திருகிச் சரிசெய்தாலே போதும். பார்வை திடீரென்று மங்கினால் டேப்பைத் தேடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.