சம்பா சேவையகத்தில் ஃப்ரூட் ஓட்டையை அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கோப்புச் சேவையகங்களைப் பராமரிக்கப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள், சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் இருந்த சிவிஇ-2021-44142 என்ற பாதுகாப்புப் பாதிப்பைக் கையாளும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். 2022இன் தொடக்கத்தில் எங்கள் தலைமுறை எந்தெந்த இடங்களில் இடறியதோ, ஏறக்குறைய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், எடுக்கப்படாத பேக்கப் போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முதலில் ஓட்டை எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அடைக்கப் போனவர்கள்தான் பெரும்பாலும் வேறெதையாவது உடைத்துவிட்டு வருகிறார்கள். மேக் கணினிகள் ஒவ்வொரு கோப்புடனும் ஃபைண்டர் தகவல் என்ற சிறு குறிப்பையும், சில கோப்புகளுக்கு ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற தனிப் பகுதியையும் வைத்திருக்கும். சம்பாவில் இவற்றைக் கவனித்துக்கொள்வது ஃப்ரூட் என்ற விஎஃப்எஸ் தொகுதி, அதாவது கோப்புகளைக் கையாளும் விதத்தை மாற்ற இணைக்கப்படும் துணை நிரல். அதன் இயல்பு அமைப்பில், ஃபைண்டர் தகவல் கோப்பின் நீட்டிப் பண்புகளில் (கோப்புடன் ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்புகளில்) ஒன்றாக, ஆப்பிள்டபுள் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. அந்த வடிவத்தின் தலைப்பகுதியில் ஒரு சிறு அட்டவணை உண்டு: எந்தத் தகவல், எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற மூன்று எண்கள் ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கும். சம்பாவின் சேவை நிரலான எஸ்எம்பிடி அதை 402 பைட் கொண்ட ஓர் இடையகத்தில் (தற்காலிக நினைவக இடத்தில்) ஏற்றி, ஒவ்வொரு பதிவும் அந்த இடையகத்துக்குள் அடங்குகிறதா என்று சரிபார்க்கும். ஆனால் ஃபைண்டர் தகவல் வழக்கமான 32 பைட்டைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அதற்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. பிறகு அதே நிரல், அட்டவணை சுட்டிய இடத்துக்குச் சென்று 32 பைட்டை நகலெடுத்தது. தொடக்க இடத்தை இடையகத்தின் கடைசி ஓரத்தில் இருப்பதாக எழுதிவைத்தால், நகலெடுப்பு எல்லையைத் தாண்டி ஹீப் நினைவகத்தின் அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். வெளியே இருப்பதைப் படிக்கவும் முடிந்தது, அதன்மேல் எழுதவும் முடிந்தது. எஸ்எம்பிடி ரூட் அதிகாரத்தில், அதாவது கணினியின் மீதான முழு அதிகாரத்தில் இயங்குவதால், அதன் நினைவகத்தைக் குலைத்துத் தன் நிரலை ஓட வைப்பவருக்கும் அந்த அதிகாரமே கிடைக்கும். டெவ்கோர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆரஞ்ச் சாய் தெரிவித்த இந்தப் பாதிப்புக்கு 10க்கு 9.9 என்ற தீவிர மதிப்பீடு தரப்பட்டதில் வியப்பில்லை.

2022 ஜனவரி 31 அன்று வெளியான 4.13.17, 4.14.12, 4.15.5 ஆகிய பதிப்புகளில் இரண்டு திருத்தங்கள் சேர்ந்து வந்தன. ஃபைண்டர் தகவலின் முதல் 32 பைட்டாவது இடையகத்துக்குள் இருந்தே ஆகவேண்டும் என்ற சோதனை சேர்க்கப்பட்டது ஒன்று. அந்த நீட்டிப் பண்பின் பெயரைச் சம்பாவின் அந்தரங்கப் பட்டியலில் சேர்த்து, வெளியிலிருந்து எந்தப் பயனரும் அதை நேரடியாக எழுத முடியாதபடி செய்தது மற்றொன்று.

"எங்களிடம் மேக் கணினியே இல்லை"

அந்த நீட்டிப் பண்பை எழுத மேக் தேவையில்லை. எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையைப் பேசத் தெரிந்த எந்த நிரலும் போதும். கேட்கவேண்டிய கேள்வி, பகிர்வில் (சேவையகம் பகிரும் கோப்புறையில்) ஃப்ரூட் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதுதான். எப்போதோ யாரோ மேக்கின் டைம் மெஷின் பேக்கப்புக்காகச் சேர்த்த வரி, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அமைப்புக் கோப்பில் அப்படியே இருக்கும்.

அமைப்பை மாற்றி ஓட்டையை அடைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஃப்ரூட்டின் மெட்டாடேட்டா, ரிசோர்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகளையும் இயல்பு மதிப்பிலிருந்து மாற்றிவிட்டால் பாதிப்பு இருக்காது என்று சம்பா குழுவின் அறிவிப்பே சொல்கிறது. புதியவர்கள் அந்த வரியைப் படித்ததும், தொகுதியையும் நீக்கவேண்டாம், பதிப்பையும் உயர்த்தவேண்டாம், இரண்டு சொற்களை மாற்றினால் போதும் என்று மகிழ்ந்துபோகிறார்கள். அதே அறிவிப்பில், இப்படி மாற்றினால் ஏற்கெனவே சேமித்த தகவல்கள் எட்டாமல் போகும், மேக் பயனர்களுக்கு அவை தொலைந்துவிட்டதாகவே தோன்றும் என்று எழுதியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஓர் அச்சு வடிவமைப்பு அலுவலகத்தில் இது நடந்ததை நேரில் பார்த்தேன். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, புதிதாகச் சேர்ந்த நிர்வாகி இரண்டு அமைப்புகளையும் ஸ்ட்ரீம் என்று மாற்றிவிட்டுச் சேவையகத்தை மறுதொடக்கம் செய்தார். மறுநாள் காலை, எழுத்துருக்கள் எல்லாம் பூஜ்ஜியம் பைட் காட்டுகின்றன என்று வடிவமைப்பாளர்கள் ஓடிவந்தார்கள். பழைய மேக் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம் முழுவதும் ரிசோர்ஸ் ஃபோர்க்கிலேயே இருக்கும். கோப்பின் மற்ற பகுதி வெறுமையாக இருப்பது இயல்பு. எதுவும் உண்மையில் அழியவில்லை. ரிசோர்ஸ் ஃபோர்க்குகள் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த பெயர்களில், அதே கோப்புறையில், வட்டில் பத்திரமாக இருந்தன. ஃப்ரூட் அவற்றைத் தேடும் இடம் மட்டுமே மாறியிருந்தது. இரண்டு சொற்களையும் பழையபடி மாற்றியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும்.

ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. இயல்பு அமைப்பில் அந்தப் புள்ளி-அடிக்கோடு கோப்புகளைப் பயனர்களின் கண்ணிலிருந்து மறைத்துவைப்பதும் ஃப்ரூட்தான்; ரிசோர்ஸ் அமைப்பு மாறியதும் அந்த மறைப்பும் விலகிவிடும். விண்டோஸ் பயன்படுத்தும் கணக்குப் பிரிவினர் கோப்புறை முழுவதும் விநோதமான பெயர்களில் குப்பை முளைத்திருப்பதாகப் புகார் செய்தார்கள். நிர்வாகி அதை முந்தைய நாள் மாற்றத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்காமல், ஒரே கட்டளையில் அவை அனைத்தையும் அழித்தார். காணாமல் போனதாகத் தோன்றியவை அப்போதுதான் உண்மையிலேயே காணாமல் போயின.

அடுத்து பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். அழிந்த கோப்புகளை மட்டும் எடுத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். அவசரத்தில் முழுக் கோப்புறையையும் மீட்டெடுத்து மேலே கொட்டினார்கள். அந்த பேக்கப் ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு எடுக்கப்பட்டது. நீட்டிப் பண்புகளையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்லும் எக்ஸ் விருப்பம் அதில் தரப்படவில்லை. ரிசோர்ஸ் ஃபோர்க்குகள் தனிக் கோப்புகள் என்பதால் திரும்பி வந்தன. நீட்டிப் பண்புகளில் இருந்த ஃபைண்டர் தகவல், மீட்டு வைத்த கோப்புகளில் இல்லை. கோப்பின் வகை, உருவாக்கிய செயலி ஆகிய குறிப்புகள் அதில் அடங்கியிருந்ததால், எழுத்துருவை எழுத்துருவாக அடையாளம் காணவே சில செயலிகள் மறுத்தன. இடைப்பட்ட நேரத்தில் மேக் பயனர்கள் சேமித்த புதிய கோப்புகளின் தகவல்களோ ஸ்ட்ரீம் வடிவத்தில், வேறு பெயரில் பதிவாகியிருந்தன. அமைப்பைப் பழையபடி மாற்றியதும் அவையும் பார்வையிலிருந்து மறைந்தன. நாசக்காரர் எவரும் தொடாத ஒரு சேவையகத்தில், பாதுகாப்பு நடவடிக்கை ஒன்றே இத்தனை சேதத்தையும் செய்துமுடித்தது.

திருத்திய பதிப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதை நிறுவுங்கள். தற்காலிக வழி எதுவும் தேவையில்லை. நிறுவ முடியாத நிலை இருந்தால் மட்டும் ஃப்ரூட் தொகுதியை நீக்குங்கள், திருத்திய பதிப்பை நிறுவும்வரை மேக் பயனர்கள் எழுதும் பகிர்வுகளைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றிவையுங்கள். ஒரு நாள் வேலை தடைபடும் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

விருந்தினருக்கு எழுதும் உரிமை

பாதிப்பைப் பயன்படுத்த எழுதும் உரிமை வேண்டும் என்பது ஆறுதல் அல்ல; விருந்தினர் எழுதக்கூடிய பகிர்வில் அந்த உரிமை ஊருக்கே உண்டு.

ஓரிடத்தில் நீக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது

அமைப்புக் கோப்பின் பொதுப் பகுதியில், தொகுதிகளைப் பட்டியலிடும் விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரியிலிருந்து ஃப்ரூட்டை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு பகிர்வுக்கு அதே வரி தனியாக இருந்தால், அங்கே பொதுப் பகுதியின் மதிப்பு செல்லாது. பகிர்வின் வரியே செல்லும். அந்த வரியை ஒருமையில், ஆப்ஜெக்ட் என்று எழுதினாலும் சம்பா ஏற்றுக்கொள்ளும் என்பதால், பன்மையில் தேடுபவருக்கு அது அகப்படாது. இன்க்ளூட் என்ற வரி வழியாக வேறு கோப்பும் இணைந்திருக்கலாம். ஆகவே கோப்பைக் கண்ணால் தேடாமல், அமைப்பைச் சரிபார்க்கும் சம்பாவின் டெஸ்ட்பார்ம் கட்டளை தரும் முழு வெளியீட்டில் ஃப்ரூட் என்ற பெயரைத் தேடுங்கள். இணையப் பக்கம் வழியே நிர்வகிக்கப்படும் சேமிப்புப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, அமைப்புக் கோப்பைத் தாமே புதிதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் கையால் செய்த மாற்றம் அடுத்த மறுதொடக்கத்தில் சுவடின்றிப் போய்விடும்.

பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பது

டெபியன் 11 என்ற லினக்ஸில் சம்பாவின் பதிப்பு 4.13.13 என்றே காட்டும். 4.13.17ஐவிடக் குறைந்த எண் என்பதால் பதறி, வேறெங்கிருந்தோ தொகுப்பை இறக்கி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். டெபியன் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்து வெளியிட்டது. தொகுப்பின் மாற்றப் பதிவில் சிவிஇ எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைப்பது

கூடாது.

ரீலோட் போதும் என்று நம்புவது

எஸ்எம்பிடி ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தொடங்குகிறது. அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கச் சொன்னால், ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை அது பாதிக்காது என்று எஸ்எம்பிடியின் கையேட்டுப் பக்கமே தெளிவாகச் சொல்கிறது. காலையில் இணைந்து, மடிக்கணினியை மூடாமலே வைத்திருக்கும் ஒருவருக்கு மாலைவரை ஃப்ரூட் ஏற்றிய பழைய செயல்முறையே சேவை செய்துகொண்டிருக்கும். திருத்திய தொகுப்பை நிறுவிய பிறகும் இதே நிலைதான்: வட்டில் உள்ள நிரல் மாறியிருக்கும், நினைவகத்தில் ஓடுவது பழையதாகவே இருக்கும். எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, இன்னும் இணைப்பில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களிடம் கோப்புகளைச் சேமித்து மூடச் சொல்லுங்கள். பிறகு சேவையை முழுமையாக நிறுத்தி, பழைய எஸ்எம்பிடி செயல்முறை ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மறுபடி தொடங்குங்கள்.