பெரிய ஆலை வந்தால் மட்டும் போதுமா? தொழில் இணைப்புகளைப் பார்ப்பதில் நேரும் தவறுகள்

ஒரு வட்டாரத்துக்குப் புதிய ஆலை வருகிறது என்றதும் எல்லோரும் கேட்பது, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஆலை பாகங்களை எங்கே வாங்கும், அதன் இயந்திரம் பழுதானால் யார் வந்து சரிசெய்வார்கள், அது செய்யும் பொருளை வாங்கிப் பக்கத்தில் இன்னொருவர் தொழில் நடத்துவாரா என்று கேட்பவர்கள் குறைவு. முப்பது வருஷம் கழித்து அந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-லேயே இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஓர் ஆலை தனக்கு வேண்டியதை வாங்குவதால் மற்றவர்களுக்குத் தொழில் உண்டானால் அது பின்னோக்கிய இணைப்பு. அதன் பொருளை வைத்து வேறொரு தொழில் பிறந்தால் அது முன்னோக்கிய இணைப்பு. தாதுவை வெட்டி ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பும் சுரங்கத்தில் இரண்டுமே மெலிந்துபோக வாய்ப்பு அதிகம். ஏற்றுமதிக் கணக்கு பெரிதாக இருக்கும். சுற்றியுள்ள பட்டறைகளுக்கு ஒரு ஆர்டர்கூட வராது. முதலீட்டுத் தொகையை மட்டும் பார்த்து இதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. ஒரே தொழிலை ஓரிடத்தில் குவித்துவிட்டால் இணைப்புகள் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். 1961-இல் பொருளியலாளர் பெஞ்சமின் சினிட்ஸ் அமெரிக்காவின் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு எழுதினார். அன்றைய நியூயார்க்கின் ஆடைத் தொழில் சின்னச் சின்ன நிறுவனங்களால் ஆனது. தனியாக எதையும் வைத்துக்கொள்ள வசதியில்லாததால், போக்குவரத்து, கடன், சட்ட உதவி என்று எல்லாவற்றையும் வெளியில்தான் வாங்கியாக வேண்டியிருந்தது. அதனால் அந்தச் சேவைகளை விற்பவர்கள் ஊரெங்கும் பெருகினார்கள். நாளைக்கு வேறொரு தொழில் தொடங்க வருபவருக்கும் அவர்கள் கைகொடுப்பார்கள். அன்றைய பிட்ஸ்பர்க்கின் எஃகு நிறுவனங்கள் பெரியவை. தேவையானதில் பெரும்பகுதியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. வெளியிலிருந்து வரும் சிறு முதலாளிக்கு வாங்க ஒன்றும் இல்லை, கடன் கொடுத்துப் பழகிய வங்கியும் குறைவு. இரண்டுமே தொழில் நகரங்கள்தான், ஆனால் தொழில் பிறக்கும் வேகம் வேறு. ஆலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சரி, அப்படியானால் பலவகைத் தொழில்களைக் கொண்டுவந்து வைத்துவிடலாமா? அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. தொடர்பே இல்லாத பத்துத் தொழில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. ஒரு துறையில் அடி விழுந்தால் மற்றவை தாங்கும், அந்த நன்மை உண்மை. புதிய தொழில் பிறப்பதோ பெரும்பாலும் கைத்திறன் நெருங்கிய இடத்தில்தான். இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியைப் பாருங்கள். அங்கே சஸ்ஸுவோலோ தரை ஓடுகளுக்குப் பேர்போன ஊர். அதே பகுதியில் இமோலா என்ற ஊரில் 1919-இல் மெக்கானிக்குகள் சேர்ந்து தொடங்கிய சாக்மி என்ற கூட்டுறவு நிறுவனம் ஓடு அழுத்தும் இயந்திரமும் செய்கிறது, பாட்டில் மூடி செய்யும் இயந்திரமும் செய்கிறது. ஓடும் மூடியும் கடையில் சந்திப்பதில்லை. அழுத்தி வார்க்கும் வித்தையில் சந்திக்கின்றன.

கணக்குப் போடுவதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 100-க்கு விற்ற நூல் 150-க்குத் துணியாகி 220-க்குச் சட்டையாகிறது. மூன்றையும் கூட்டி 470 என்று அறிக்கையில் போட்டால் நூலின் மதிப்பு மூன்று முறையும் துணியின் மதிப்பு இரண்டு முறையும் எண்ணப்படுகிறது. உண்மையில் உண்டானது 220 மட்டுமே. அதிலும் பஞ்சு வெளியூரிலிருந்து வந்திருந்தால் அந்தப் பங்கையும் கழிக்க வேண்டும்.

கடைசியாக, இணைப்பு என்றாலே லாபம் என்று நினைப்பது. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானின் கரியாவில், கார் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றியது. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், கைக்குள் அடங்கும் ஒரு சிறு வால்வு அங்கே தயாராகிவந்தது. கார் நிறுவனமான டொயோட்டாவுக்கு வேண்டிய இந்த வால்வுகள் அத்தனையையும் ஏறக்குறைய அந்த ஒரே ஆலைதான் கொடுத்துவந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் ஆலைகள் அடுத்தடுத்து நின்றன. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியதன் விலை அது.

ஆனால் அந்த வாரமே ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. ஐசின் தன் வரைபடங்களை எடுத்துக் கொடுக்க, சுற்றியிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வால்வு செய்யத் தொடங்கின. அவற்றில் ஒன்று தையல் இயந்திரம் செய்யும் பிரதர். அதற்கு முன் கார் பாகம் எதையும் செய்ததில்லை. தன்னிடமிருந்த மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்துக்கொண்டு இறங்கியது. வாகனத் தொழிலோடு தொடர்புள்ளவர்களின் பட்டியலை ஜனவரியில் யாராவது எழுதியிருந்தால், பிரதரின் பெயர் அதில் இருந்திருக்குமா?