எறும்புகளுக்கு வழி எப்படித் தெரிகிறது? குழந்தைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை

சுவரோரமாகச் சாரை சாரையாகப் போகும் எறும்புகளைப் பார்த்து, "இதுங்களுக்கு வழி எப்படித் தெரியுது?" என்று குழந்தை கேட்டால், பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளும் சிறிது சர்க்கரையும் பொறுமையும் இருந்தால், பள்ளியில் இப்போதுதான் சேர்ந்த குழந்தைகூட அதைத் தானே கண்டுபிடித்துவிடும். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மட்டுமே பெரியவரின் வேலை.

தேவையானவை: வெள்ளைத் தாள்கள் சில, சர்க்கரை, தண்ணீர், பென்சில், குறிப்பேடு, கடிகாரம். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 1: சாரையைத் தேர்ந்தெடுங்கள்

சமதளமான தரையில், காற்று அதிகம் வீசாத நிழலான இடத்தில் போகும் சாரையே வசதியானது. கடிக்கும் இனங்களை விட்டுவிடுங்கள். எந்த இனமாக இருந்தாலும் புற்றைக் கிளறவோ, முகத்தை மிக அருகில் கொண்டுபோகவோ வேண்டாம். சாரை எதுவும் கண்ணில் படாவிட்டால், சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

படி 2: ஊகத்தை முதலில் எழுதுங்கள்

கண்ணால் பார்த்துப் போகின்றனவா, முன்னால் போகும் எறும்பைத் தொட்டுக்கொண்டே போகின்றனவா, தரையில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று குழந்தைக்குத் தோன்றுவதையெல்லாம், தவறாகவே இருந்தாலும் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்குப் பிறகு எழுதும் ஊகம் முடிவுக்கு ஏற்றாற்போல வளைந்துவிடும் என்பதால், இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

படி 3: சாரையின் குறுக்கே தாளை வையுங்கள்

எறும்புகள் தாளின் மேலேறித்தான் போக வேண்டும் என்பதால், அடியில் நுழைய இடைவெளி இல்லாதபடி நான்கு மூலைகளிலும் சிறு கற்களை வையுங்கள். தாளின் விளிம்புக்கு வந்த முதல் எறும்புகள் சட்டென்று நின்று, உணர்கொம்புகளை வேகவேகமாக அசைத்து, இடமும் வலமும் திரும்பி, சில வேளைகளில் வந்த வழியே போவதையும் காணலாம். சிறிது நேரத்தில் ஒன்றிரண்டு எறும்புகள் மறுபுறத்தை எட்டிவிடும். அவற்றைத் தொடர்ந்து தாளின்மேலும் ஒரு சாரை உருவாகும். அது தாளில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் விளிம்பில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தாளைத் திருப்புங்கள்

சோதனையின் உயிர்நாடி இதுதான். தாளின் மேல் எறும்புகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, கற்களை எடுத்துவிட்டு, தாளைக் கால் சுற்று மெதுவாகத் திருப்பி மீண்டும் வையுங்கள். எறும்புகள் கண்ணால் மட்டுமே வழி கண்டிருந்தால், தாள் திரும்பியதைப் பொருட்படுத்தாமல் நேராகப் போயிருக்க வேண்டும். ஆனால் தரையில் மணத் தடம் இடும் இனமாக இருந்தால், தாளில் இருக்கும் எறும்புகள் பழைய பாதையிலேயே நடந்து, இப்போது பக்கவாட்டில் இருக்கும் புள்ளிக்குப் போய்த் திகைத்து நிற்கும். இதன்பின் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைத்தால், முதலில் கண்ட அதே தயக்கம் திரும்பவும் தெரியும். அப்படியானால் எதையோ தாளின்மேல் விட்டுச் சென்றிருக்கின்றன என்று குழந்தை சொல்லும் வரை காத்திருங்கள்.

விளக்கத்தை இங்கே தரலாம். உணவைக் கண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பும்போது, வயிற்றின் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு ஃபெரோமோன் எனப்படும் வேதிப்பொருளை விட்டுச் செல்கிறது. மற்ற எறும்புகள் அதை உணர்கொம்பால் முகர்ந்து பின்தொடர்கின்றன. நெருப்பெறும்புகளின் உடலில் இந்தப் பொருள் வயிற்றில் உள்ள டூஃபோர் சுரப்பியிலிருந்து வருகிறது என்பதை அமெரிக்க உயிரியலாளர் எட்வர்டு வில்சன் 1959இல் காட்டினார். அந்தச் சுரப்பியை நசுக்கிக் கோடு இழுத்தபோது, எறும்புகள் அந்தக் கோட்டின் வழியே நடந்தன.

படி 5: விரலால் தேய்த்துப் பாருங்கள்

சாரையின் குறுக்கே விரலால் தேய்த்து எறும்புகளைத் தடுமாற வைப்பது பலருக்கும் தெரிந்த வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டிலேயே சார்ல் பொனே என்ற சுவிஸ் இயற்கையியலாளர் இதைச் செய்து பார்த்தார். ஆயினும் இதைத் தனியாகச் செய்தால் சான்று வலுவாக இராது என்பது என் கருத்து. தடம் அழிந்ததால் எறும்பு நின்றதா, விரலின் மணத்துக்கு அஞ்சி நின்றதா என்று எப்படிச் சொல்வது? இன்னோர் இடத்தில் விரலைத் தேய்க்காமல் சாரையின் மேல் லேசாக அழுத்தி மட்டும் எடுத்து, இரண்டு இடங்களிலும் எறும்புகள் நடந்துகொள்வதை ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் குழந்தைக்கு இங்கேதான் பிடிபடும்.

படி 6: உணவை எடுத்துவிட்டு எண்ணுங்கள்

ஒரு புள்ளியைக் கடக்கும் எறும்புகளை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். பிறகு சர்க்கரையை அகற்றிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே புள்ளியில் எண்ணிக்கொண்டே வாருங்கள். வெறுங்கையோடு திரும்பும் எறும்புகள் தடத்தைப் புதுப்பிப்பதில்லை. இட்ட வேதிப்பொருளும் ஆவியாகிவிடுவதால் எண்ணிக்கை மெல்லக் குறையும். எவ்வளவு நேரத்தில் என்பது இனத்தையும் வெப்பத்தையும் தரையையும் பொறுத்தது.

உங்கள் எறும்புகள் தாளைத் திருப்பிய பிறகும் தயங்காமல் நேரே போனால், சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பார்வையையும் நினைவையும் கொண்டு வழி காணும் இனங்களும் உண்டு. சகாரா பாலைவன எறும்பு ஒன்று தன் நடையின் அடிகளைக்கொண்டே தூரத்தை அளக்கிறது. 2006இல் வெளியான ஆய்வில், இரையைக் கண்டு திரும்பவிருந்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள். அவை தம் புற்றைத் தாண்டிப் போய்த் தேடின. காலைக் குட்டையாக்கியவை புற்றை எட்டும் முன்பே தேடத் தொடங்கின. இந்த ஒன்றை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், சொல்லிக் காட்டினாலே போதும்.

முடித்ததும் சர்க்கரை சிந்திய இடத்தையும் சாரை போன பாதையையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். துடைப்பதற்கு முன், எறும்புகள் மறுநாள் அதே வழியில் வருமா வராதா என்பதைக் குழந்தை தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும்.