படகுக்குச் சார்ட் பிளாட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தின் மீது திரையில் காட்டும் கருவிதான் சார்ட் பிளாட்டர். முதன்முறையாக அதை வாங்கச் செல்பவர் கடையில் பெரும்பாலும் முதலில் கேட்பது, திரை எத்தனை அங்குலம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கருவிக்குள் இருக்கும் கடல் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். படகு நிற்கும் புள்ளியை இன்றைய கருவிகள் எல்லாமே சில மீட்டர் பிழைக்குள் காட்டிவிடுகின்றன. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள ஆழமும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) மணல்திட்டும் திரையில் இருக்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

படி 1: வரைபடத்தைச் சோதித்தல்

பல கருவிகளில் கரையோரக் கோடு மட்டுமே உள்ள அடிப்படை வரைபடம்தான் வரும். இந்தியக் கடலுக்கான விரிவான வரைபடத்தை மெமரி கார்டாகத் தனியே வாங்க நேரிடும். ஆகவே, கார்டைப் போட்ட கருவியைக் கடையிலேயே இயக்கச் செய்து, உங்கள் துறைமுக வாயையும் நீங்கள் நன்கறிந்த ஒரு பாரையும் தேடிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் தெளிவாகவே தெரிவதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். 1:1,50,000 அளவில் வரையப்பட்ட படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது கடலில் 150 மீட்டர். பெரிதாக்குவதால் அந்தப் படத்தில் புதிய அளவீடு எதுவும் சேர்வதில்லை. மணல்திட்டுகள் இடம் மாறும் ஆதம் பாலத்தை ஒட்டிய பகுதியில் இதை மறவாதிருப்பது நல்லது.

படி 2: பழைய குறிப்பேட்டின் எண்களைப் பதிந்து பார்த்தல்

வலை மாட்டும் இடங்களையும் மீன் கிடைக்கும் பார்களையும் குறித்து வைத்த குறிப்பேடு உங்களிடம் இருந்தால், அதிலிருந்து இரண்டு மூன்று இடங்களைப் புதிய கருவியில் பதிந்து பாருங்கள். 9 பாகை (டிகிரி) 15 கலை (நிமிடம்) 50 விகலை (விநாடி) என்று எழுதியதை 9 பாகை 15.50 கலை என்று பதிந்தால், இடம் ஏறத்தாழ 617 மீட்டர் தள்ளிப்போகும். நானும் ஒருமுறை இப்படிப் பதிந்துவிட்டு, கருவியைத்தான் வெகுநேரம் குறை கூறிக்கொண்டிருந்தேன். எண் வடிவத்தை மாற்றும் வசதியும், புள்ளிகளை கார்டில் நகலெடுத்து வைக்கும் வசதியும் இல்லாத கருவியை நான் வாங்க மாட்டேன். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் மீன்வள வாய்ப்புப் பகுதி அறிவிப்பிலும் அகலாங்கு, நெட்டாங்கு எண்கள்தாம் வருகின்றன.

படி 3: எல்லை எச்சரிக்கை

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்வோருக்கு இது தலையாய தேவை. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் எல்லைக்கோட்டின் புள்ளிகள் எண்களாகவே தரப்பட்டுள்ளன. அவற்றை வழித்தடமாகப் பதிந்து, கோட்டை நெருங்கும்போது ஒலி எழுப்புமாறு அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். வலை விட்டு நிற்கும் படகை மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் நீரோட்டம் இழுத்தால், அரை மைல் இடைவெளி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஒலி எழும் தொலைவைத் தாராளமாக வையுங்கள். எஞ்சின் ஓடும்போதும் காதில் விழும் அளவுக்கு அந்த ஒலி இருக்க வேண்டும்.

படி 4: எக்கோ சவுண்டர்

எக்கோ சவுண்டர், ஒலியலையை அனுப்பி ஆழத்தை அளக்கும் கருவி. சார்ட் பிளாட்டரும் அதுவும் சேர்ந்த கருவி இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது. அங்கே 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் (ஒலியலையை அனுப்பிப் பெறும் பகுதி) போதும். ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் அலையும் வேண்டும்.

படி 5: மின்சாரம், நீர்க்காப்பு, திரை

பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைக் கருவியின் விவரச்சீட்டோடு ஒப்பிடுங்கள். கயிறு இழுத்து இயக்கும் எஞ்சின் பொருத்திய பைபர் படகில், பேட்டரியைக் கரையிலேயே சார்ஜ் செய்ய வேண்டியிருக்கலாம், 1.5 ஆம்பியர் இழுக்கும் கருவி 10 மணி நேரத்தில் 15 ஆம்பியர்-மணியைத் தீர்க்கும். ஐபிஎக்ஸ்7 தரக்குறியீடு, ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கருவி தாங்கும் என்பதைக் குறிக்கிறது.

இனித் திரைக்கு வரலாம். கருவியை நண்பகல் வெயிலில் கடைக்கு வெளியே எடுத்துச் சென்று பாருங்கள்; நிழலில் பளிச்சிடும் திரை அங்கே மங்கிப்போகலாம். தொடுதிரை மட்டும் உள்ளதைவிட பொத்தான்களும் உள்ள கருவியையே நான் விரும்புவேன், ஈரக் கையோடு வலை இழுப்பவருக்கு அதுதான் ஒத்துவரும். அங்குல அளவை, சுக்கான் பிடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் கருவி பொருத்தும் இடத்துக்கும் உள்ள தொலைவு முடிவு செய்யட்டும்: கையெட்டும் தொலைவில் 5 அங்குலமே போதும், அதற்கும் அப்பால் என்றால் 7 அல்லது 9 அங்குலம் வேண்டியிருக்கும்.