கிட்டிலிருந்து நேராக நிறுவியும் பழைய பிழை போகவில்லை

நான் பயன்படுத்தும் ஒரு பைத்தான் நிரல்தொகுப்பு தேதிகளைத் தவறாகப் படித்துக்கொண்டிருந்தது. அதற்கான திருத்தம் அந்தத் தொகுப்பின் கிட் களஞ்சியத்தில் (நிரலும் அதன் மாற்றங்களும் பதிவாகும் இடம்) மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது, ஆனால் பைத்தான் தொகுப்புகள் வெளியாகும் பைப்பிஐ தளத்தில் புதிய வெளியீடு வரவில்லை. சரி, நேராகவே எடுத்துக்கொள்வோம் என்று, தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியின் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையில் களஞ்சிய முகவரிக்கு முன்னால் 'கிட்+' சேர்த்து ஓட்டினேன். இறக்கியது, பிழை எதுவும் காட்டவில்லை. தேதி மட்டும் அதே தப்பு!

ஒரு மாலை முழுக்க என் நிரலையே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் பார்த்தேன்: வெற்றிகரமாக நிறுவியதாகக் கடைசியில் வரும் வரியே வரவில்லை. களஞ்சியத்தில் நிரலைத் திருத்தியவர்கள் பதிப்பு எண்ணை மாற்றவில்லை. என்னிடமும் அதே எண், அங்கும் அதே எண். ஏற்கெனவே இருக்கிறதே என்று பிப் பேசாமல் போய்விட்டது. இருந்தாலும் மறுபடி நிறுவு என்று சொல்லும் ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால் கொடுத்ததும் சரியானது. கூடவே சார்ந்த தொகுப்புகளைத் தொடாதே என்று சொல்லும் நோ-டெப்ஸும் கொடுத்தேன். இல்லாவிட்டால் சார்ந்த தொகுப்புகள் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ ஆரம்பித்துவிடும்.

நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கரில் வேறு தொல்லை. அந்தப் பெட்டிக்கு அடிப்படையாக எடுக்கும் பைத்தானின் 'ஸ்லிம்' என்ற சிறிய படிமத்தில் கிட் கருவியே கிடையாது. மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் முதலில் அதை நிறுவ வேண்டியிருந்தது.

தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் கிளைப் பெயரை எழுதவில்லை. கிளை நாளைக்கே புதிய மாற்றங்களோடு நகரும். முகவரிக்குப் பின்னால் @ போட்டு முழு கமிட் எண்ணையே (குறிப்பிட்ட ஒரு மாற்றத்தின் அடையாளம்) ஒட்டிவிட்டேன். புதிய வெளியீடு வந்ததும் அந்த வரியை எடுத்துவிடுவேன்.